வளையத்தின் இரு பாதைகளும் ஒரே குழியில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊராட்சிகளுக்கு இணையம் தரும் பாரத்நெட் திட்டத்தில் ஃபைபர் கேபிள் முதலில் நேர்கோட்டு அமைப்பில் போடப்பட்டது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊராட்சிகள் அனைத்துக்கும் இணைப்பு போய்விடும். 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்திய திட்டம் வளைய அமைப்புக்கு, அதாவது ஒவ்வொரு ஊராட்சிக்கும் இரு பக்கமிருந்தும் பாதை இருக்கும் முறைக்கு, மாறுகிறது. மிகச் சரியான முடிவு. ஆனால் வளையம் வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது.

போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஒரே கேபிளின் இரண்டு இழைகளாக இருந்தாலோ, ஒரே குழியிலோ ஒரே கம்ப வரிசையிலோ சென்றாலோ, ஜேசிபி ஒருமுறை தோண்டினால் இரண்டும் போய்விடும். பாலங்கள், ரயில்வே கடவுகள் அருகேதான் இரு பாதைகளும் வழக்கமாக ஒன்று சேருகின்றன. சாலை விரிவாக்கத்தின்போது முதலில் தோண்டப்படுவதும் அங்கேதான். கேபிளுக்குள் ஒளி அனுப்பிச் சோதிக்கும் ஓடிடிஆர் கருவி தூரத்தையும் ஒளி இழப்பையும் சொல்லுமே தவிர, கேபிள் எந்தக் குழியில் கிடக்கிறது என்று சொல்லாது. எனவே இரு பாதைகளின் ஜிபிஎஸ் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணியை ஏற்க வேண்டும். தரவுப் போக்குவரத்து ஓடும்போதே ஒரு பக்கத்து பேட்ச் கார்டை (கருவியில் செருகும் இணைப்புக் கேபிளை) கழற்றி, இணைப்பு தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து மறுபக்கம். ஈதர்நெட் வளையத்துக்கான ஜி.8032 தரம் 50 மில்லி விநாடிக்குள் பாதை மாறுவதை இலக்காகக் கொண்டது. ஒரு பக்கம் அறுந்தால் முழுச் சுமையையும் மறுபக்கம் தாங்கும் அளவுக்குத் திறனும் இருக்க வேண்டும்.

மின்சாரம் அதிகம் பேசப்படாத பலவீனம். ஒரே ஃபைபரைப் பல ஊர்களுக்குப் பகிரும் நேர்கோட்டு ஜிபான் முறையில் நடுவழியில் இருப்பது மின்சாரம் தேவைப்படாத ஸ்பிளிட்டர் (ஒளிப் பிரிப்பான்). வளையத்திலோ ஒவ்வொரு ஊராட்சி ரௌட்டரும் அடுத்த ஊருக்கான பாதை. இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றால், அவற்றுக்கு இடைப்பட்ட ஊர்கள் கேபிள் நன்றாக இருந்தும் துண்டிக்கப்படும். பேட்டரி பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும்.

வளையம் எட்டாத ஊர்களில் ஜிபானே தொடரும். அங்கே பி+ வகை ஜிபான் கருவிக்கு அனுமதிக்கப்படும் ஒளி இழப்பு 28 டெசிபல். ஒளியை 32 ஆகப் பிரிக்கும் 1:32 ஸ்பிளிட்டர் மட்டுமே ஏறத்தாழ 17 எடுத்துக்கொள்ளும்; 15 கிலோமீட்டர் கேபிளுக்கு 5, இணைப்பிகளுக்கும் ஜாயின்ட்டுகளுக்கும் சுமார் 3. மிச்சம் 3 டெசிபல்தான். அறுந்த இடத்தில் துண்டுக் கேபிள் வைத்துச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு புதிய ஜாயின்ட்டுகள். இழைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் இயந்திரத்தில் செய்தால் ஜாயின்ட்டுக்கு 0.1 டெசிபலுக்குள் முடியும்; அவசரத்தில் செய்தால் சில பழுதுகளிலேயே அந்த மிச்சம் தீர்ந்துவிடும். இத்தகைய ஊர்களுக்கு இரண்டு உள்வழிகள் கொண்ட 2:32 ஸ்பிளிட்டர் வைத்து, வேறு சாலை வழியாக இன்னொரு கேபிளைக் கொண்டுவந்து மாற்று ஓஎல்டி (ஜிபானின் மைய நிலையக் கருவி) போர்ட்டில் இணைக்கலாம். ஸ்பிளிட்டரில் இழப்பு கிட்டத்தட்ட அதேதான். கூடுதல் செலவு பெரும்பாலும் அந்த இரண்டாவது கேபிளுக்கே.

— தொலைத்தொடர்புப் பொறியாளர், திருச்சி