ஆமையின் குளிர்கால உறக்கம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பகல் குறுகி, இரவில் குளிர் தட்டத் தொடங்கியதும், ஆமை குளிர்காலத்தில் வாரக்கணக்கில் உறங்குவதற்கான உறக்கப் பெட்டி கேட்டு வருபவர்கள் கடையில் கூடிவிடுகிறார்கள். பெட்டி இருக்கிறது, ஆனால் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். ஆமை குளிர்காலத்தைப் பத்திரமாகக் கடப்பது, பெரும்பாலும், அது உறங்கப் போவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நாம் அதை எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே பெட்டியை விற்பதற்கு முன் இந்த மடலை எழுதுகிறோம்.

உங்களிடம் இருப்பது எந்த இனம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை ஆகியவை குளிர்காலத்தில் உறங்கும் இயல்புடையவை. நட்சத்திர ஆமை, சிறுத்தை ஆமை, சல்காட்டா, சிவப்புக்கால் ஆமை ஆகியவை அப்படியல்ல. அவற்றைக் குளிரில் வைத்தால் உறங்குவதற்குப் பதிலாக நுரையீரல் அழற்சி கண்டு இறந்துபோகக்கூடும். கிரேக்க ஆமை என்ற ஒரே பெயரில் விற்கப்படுவனவற்றிலும், வட ஆப்பிரிக்காவின் வெப்பமான பகுதிகளைச் சேர்ந்த சில வகைகள் நீண்ட உறக்கத்தைத் தாங்குவதில்லை. இனம் எதுவென்று ஐயம் இருந்தால், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறும்வரை ஆமையை விழிப்பிலேயே வைத்திருங்கள். வெப்ப விளக்கும் புற ஊதா விளக்கும் ஒழுங்காக எரியும் இடத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும் உறங்காமல் இருப்பதால் அதற்குத் தீங்கு வராது.

உறங்கும் இனமாகவே இருந்தாலும், உடல்நலம் குன்றிய ஆமையை உறங்க விடக்கூடாது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, எடையையும் ஓட்டின் நீளத்தையும் குறித்துக்கொண்டு, எச்சத்தில் குடற்புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. மூக்கில் சளி, வீங்கிய கண்கள், வாயினுள் மஞ்சள் நிறப் படிவு, எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் இந்த ஆண்டு உறக்கம் வேண்டாம். எடைக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் ஜாக்சன் அட்டவணையைப் பலர் பின்பற்றுகிறார்கள். அது ஹெர்மன், கிரேக்க ஆமைகளை வைத்து உருவாக்கப்பட்டது என்பதால், உடலமைப்பு வேறுபடும் ரஷ்ய ஆமைக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது சரியாக வராது.

மிகுதியாகத் தவறு நேர்வது உணவை நிறுத்தும் கட்டத்தில்தான். ஆமைக்கு உடற்சூடு வெளியிலிருந்துதான் கிடைக்கிறது. சூடு இல்லாவிட்டால் செரிமானமும் நின்றுவிடுகிறது. குடலில் உணவு தங்கியிருக்கும்போதே குளிருக்குள் போய்விட்டால், அந்த உணவு உள்ளேயே அழுகி, வாயுவும் நோய்த்தொற்றும் உண்டாகும். எனவே சிறிய ஆமைகளுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள், நன்கு வளர்ந்தவற்றுக்கு மூன்று முதல் நான்கு வாரங்கள் முன்னதாகவே உணவை முற்றிலும் நிறுத்த வேண்டும். ஆனால் உணவை நிறுத்திய அன்றே விளக்கையும் அணைத்துவிடாதீர்கள். குடல் காலியாவதற்குச் சூடு தேவை என்பதால், பட்டினிக் காலத்தின் முற்பாதியில் வழக்கமான வெப்பம் இருக்கட்டும். அதன் பிறகே விளக்கு எரியும் நேரத்தை நாள்தோறும் குறைத்து, ஆமையைக் குளிர்ந்த அறைக்குப் பழக்க வேண்டும். வெறுந்தட்டின் அருகே வந்து நிற்கும் ஆமையைப் பார்த்தால் ஓர் இலையாவது கொடுக்க மனம் வரும். அந்த ஓர் இலையும் குடலில்தான் தங்கும்.

உணவை நிறுத்தினாலும் தண்ணீரை நிறுத்தக்கூடாது. நாள்தோறும் பதினைந்து, இருபது நிமிடங்கள், தாடையளவுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் ஆமையை வைத்திருங்கள். அது குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். சிறுநீர்ப்பையில் சேரும் நீர்தான் உறக்கம் முழுவதற்குமான இருப்பு.

உறங்குமிடத்தின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை ஒட்டி, 3-க்குக் குறையாமலும் 7-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே போனால் கண்பார்வை பறிபோகலாம், உயிரும் போகலாம். 10 டிகிரியைத் தாண்டினாலோ ஆமை அரைவிழிப்பில் கிடந்து, சேமித்த கொழுப்பைக் கரைத்துவிடும். கட்டடத்தின் குளிர்ந்த மூலையில் பெட்டியை வைப்பது பழைய வழக்கம். வானிலை நிலையாக இல்லாத இடங்களில் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உறைபெட்டி இல்லாத தனி ஃபிரிட்ஜ் ஒன்றை ஓரிரு வாரம் முன்னதாகவே ஓடவிட்டு, உள்ளே தண்ணீர் நிறைத்த பாட்டில்களை அடுக்கி, மிகக் குறைந்த, மிக அதிக வெப்பநிலைகளைப் பதிவுசெய்யும் டிஜிட்டல் வெப்பமானியால் சோதித்துப் பார்த்த பின், பெட்டியை அதனுள் வைப்பதே நம்பகமான வழி. காற்று மாற, நாளுக்கு ஒரு முறை கதவைத் திறந்து மூடினால் போதும். பெட்டிக்குள் மண்ணோ துண்டாக்கிய காகிதமோ இடலாம். வைக்கோல் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வேண்டாம்.

உறங்கும் ஆமையைத் தொடக்கூடாது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அதற்கு ஆதாரமில்லை. வாரம் ஒரு முறை வெளியே எடுத்து எடை போடுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைவது இயல்பு. மொத்த இழப்பு 10 சதவீதத்தை நெருங்கினால், அதாவது 800 கிராம் ஆமை 720 கிராமை நோக்கி இறங்கினால், உடனே எழுப்பிவிட வேண்டும். சிறுநீர் கழித்த ஈரம் தெரிந்தாலும் அப்படியே, ஏனெனில் நீர் இருப்பு போய்விட்டது என்று பொருள். முதலாண்டுக் குஞ்சுகளுக்குச் சில வாரங்களே போதும்; வளர்ந்தவற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டிய தேவையில்லை.

எழுப்பும் நாளில் சில மணி நேரம் அறைச்சூட்டில் வைத்து, பிறகு வெதுவெதுப்பான நீரில் விட்டு, விளக்கின் கீழ் கொண்டுவாருங்கள். முதலில் அது குடிக்க வேண்டும். உணவு அடுத்த நாள்களில் வந்தால் போதும். ஒரு வாரமாகியும் உண்ணாவிட்டால், எடைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்