சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோகும் தேடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சிறுமி மாயம், போலீசார் விசாரணை" என்று நான்கு வரியில் ஒரு செய்தி தங்கள் சேலம் பதிப்பில் அடிக்கடி வருகிறது. ஐந்தாவது வரியை நான் பார்த்ததே இல்லை. பிள்ளை கிடைத்ததா, யார் கூட்டிப்போனார்கள், வழக்கு எந்தக் கோர்ட்டில் நிற்கிறது என்பதெல்லாம் பிறகு வெளியே வருவதே இல்லை. செய்தியாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஸ்டேஷனில் அவர்களுக்கும் அவ்வளவுதான் சொல்கிறார்கள்.

சேலத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஏற்காட்டில் குடியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து எப்.ஐ.ஆர். வந்ததும் நடுவர் அதில் கையெழுத்திட்டு, கைக்கு வந்த தேதியையும் நேரத்தையும் குறிப்பார். அந்த ஒரு குறிப்பை வைத்தே பின்னால் வழக்கு நின்றதையும் பார்த்திருக்கிறேன், சாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன். குழந்தைக் கடத்தல் வழக்கு ஒன்று பல வருடம் கழித்துக் கோர்ட்டில் தோற்றால், வழக்குக் கட்டைப் புரட்டிப் பாருங்கள், புகார் கொடுக்கப் போன முதல் இரவிலேயே அது தோற்றிருக்கும்.

அந்த இரவில் ஸ்டேஷனில் பெற்றோர் காதில் விழுவது இதைத்தான்: "சொந்தக்காரங்க வீட்ல நல்லா தேடிப் பாத்தீங்களா?" "யாரையாவது லவ் பண்ணுச்சா?" "காலைல வாங்க, பாக்கலாம்." திரும்பத் திரும்பப் போய் நின்றால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். கையில் ஏதோ ஒரு சீட்டு வந்ததே என்று அவர்களும் வீடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே. அதில் குற்றப் பிரிவு இல்லை, விசாரணை அதிகாரி இல்லை, கேஸ் டைரி இல்லை. நடுவருக்கு நகலும் போகாது. ஊரில் ஒரு பிள்ளை காணாமல் போயிருக்கிறது என்பது கோர்ட்டுக்கே தெரியாமல் இருக்கும். அதற்குள் பஸ் ஸ்டாண்ட் கடைகளின் கேமராவில் பழைய பதிவு அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். சின்னக் கடைகளில் 15 நாளோ 30 நாளோதான் அது தங்கும்.

சட்டம் இல்லாமலா இப்படி நடக்கிறது? 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.5.2013 அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே எப்.ஐ.ஆர். போட வேண்டும். வேறு காரணம் தெரியவரும் வரை கடத்தல் என்றே கருதித் தேட வேண்டும். 4 மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். கட்டாயம் என்றது. அந்த வழக்கும் ஒரு சிறுமி கடத்தப்பட்டதில் பிறந்ததுதான். தகப்பன் கொடுத்த புகாரை ஸ்டேஷனில் எடுக்கவில்லை. எஸ்.பி.யிடம் போன பிறகே எப்.ஐ.ஆர். விழுந்தது. விழுந்த பிறகும் பிள்ளையைத் தேடவில்லை. நாடு முழுவதும் எடுத்துக்காட்டும் அந்தத் தீர்ப்பின் பின்னால் இருப்பது இப்படி அலைந்த ஒரு தகப்பன்தான்.

எங்கள் மாவட்டத்தில் இதோடு எல்லைப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. ஏற்காடு ஸ்டேஷன் மாவட்ட எஸ்.பி.யின் கீழ் வருகிறது. மலை இறங்கிக் கன்னங்குறிச்சிக்கு வந்தால் மாநகர கமிஷனர் எல்லை. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் கால் வைத்தால் ரயில்வே போலீஸ். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குழந்தையை இந்த மூன்று எல்லையும் தாண்டிக் கொண்டுபோய், சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ ரயில் ஏற்றிவிடலாம். எங்கே நடந்திருந்தாலும் போன ஸ்டேஷனிலேயே புகாரைப் பதிய வேண்டும் என்று இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவே சொல்கிறது. 'எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆனாலும் அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து எஸ்டேட்டுக்குக் காபிப் பழம் பறிக்க ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய 13 வயது மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காணவில்லை. கடைசியாக சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ சொல்ல, ஒரு ஸ்டேஷன் இன்னொரு ஸ்டேஷனைக் கை காட்டியது. அந்த இன்னொன்று முதல் ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்பியது. பெற்றோருக்குத் தமிழ் தெரியாது. எஸ்டேட் கணக்கப்பிள்ளை எழுதிக் கொடுத்த புகாரில் தகப்பன் கைநாட்டு வைத்தார். முன்பு எஸ்டேட்டுக்கு வந்துபோன ஒரு பெண்தான் பிள்ளையைக் கூட்டிப்போனாள் என்று தாய் அழுதுகொண்டே சொன்னாள். புகாரில் இருந்ததோ 'வேலை தேடிச் சென்ற மகளைக் காணவில்லை' என்ற வாசகம். பல மாதம் கழித்துப் பெங்களூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையை மீட்டு அனுப்பினார்கள். கூட்டிப்போனவள் மேல் இன்றுவரை வழக்கில்லை. மொழிபெயர்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தத் தாய் சொன்ன ஒரு வாக்கியமே கடத்தல் புகாராகியிருக்கும்.

முதல் இரவை விட்டுவிட்டால் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கு நொய்டாவின் நிதாரி கிராமம் சாட்சி. 2005, 2006-ல் அங்கே ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோரின் புகாரை போலீஸ் பொருட்படுத்தவில்லை. அதே நொய்டாவில் 2006 நவம்பரில் பெரிய மென்பொருள் நிறுவன அதிகாரி ஒருவரின் மகன் கடத்தப்பட்டபோது மொத்த போலீசும் இறங்கித் தேடியது. சில நாளிலேயே அவன் வீடு வந்து சேர்ந்தான். வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். நிதாரிப் பிள்ளைகளுக்கோ அந்த டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள்தான் கிடைத்தன. கீழ்க் கோர்ட்டில் தூக்குத் தண்டனைகள் விழுந்தன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணை சீர்குலைக்கப்பட்டது என்று கடுமையாகச் சாடி, தண்டிக்கப்பட்ட இருவரையும் விடுவித்தது. 60 நாள் போலீஸ் காவலில் வைத்த பிறகு வாங்கிய வாக்குமூலம் நிற்கவில்லை. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது. அத்தனை குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்று சட்டத்தின் முன் பதில் இல்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைத் தூக்கிலிடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆதாரத்தைத் தேட வேண்டிய காலத்தில் தேடாதவர்களை எந்தக் கோர்ட் கேட்கும்?

நீதிமன்றத்தையும் விட்டுவைக்க முடியாது. நான் சோறு தின்ற இடம் என்றாலும் சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் நடைபாதையில் குடும்பத்தோடு தூங்கிய குழந்தைகளைத் தூக்கிப்போய் விற்ற கும்பலுக்கு உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. வெளியே வந்தவர்களில் பலர் தலைமறைவானார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்த ஜாமீனை ரத்து செய்தது. நாடு முழுவதும் தேங்கிக் கிடக்கும் குழந்தைக் கடத்தல் விசாரணைகளை 6 மாதத்தில் முடிக்க உயர் நீதிமன்றங்கள் உத்தரவிட வேண்டும் என்றது. ஆஸ்பத்திரியிலிருந்து பச்சிளங்குழந்தை திருடுபோனால் முதல் வேலையாக அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தை நிறுத்திவைக்கச் சொன்னது. நம் கோர்ட்டுகளில் ஆறு மாதம் என்பது சில வாய்தாவிலேயே கரைந்துவிடும். மலையில் காபிப் பருவம் முடிந்ததும் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். சாட்சிச் சம்மன் 'விலாசத்தில் இல்லை' என்று திரும்பி வருகிறது. சாட்சி இல்லாத வழக்கு விடுதலையில் முடிகிறது. இப்போது காணொலி வழியாகவே சாட்சியம் பதிவு செய்ய புதிய சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஜார்க்கண்டில் அவர்கள் ஊர்ப் பக்கத்துக் கோர்ட்டில் உட்காரவைத்து விசாரித்தால் என்ன?

போலீஸ் தேடாது என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டால் அதன் விளைவு இன்னும் கொடூரம். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணமாம்.

பக்கத்து ராசிபுரத்தில் 2019-ல் வெளியான குழந்தை விற்பனையும் விசாரணையில் பிடிபட்டதல்ல. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் விலை பேசிய ஆடியோ பரவிய பிறகே கைதுகள் நடந்தன. ஆடியோ கசிந்திருக்காவிட்டால் அது இன்னும் எத்தனை வருடம் நடந்திருக்குமோ என்று நினைத்தால் பதறுகிறது.

மாவட்ட எஸ்.பி.யும் மாநகர கமிஷனரும் மாதந்தோறும், ஸ்டேஷன் வாரியாக, குழந்தை காணவில்லை என்று வந்த புகார்கள், அதில் எப்.ஐ.ஆர். ஆனவை, 4 மாதம் தாண்டி ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போனவை ஆகியவற்றின் எண்ணிக்கையை வெளியிட வேண்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். காணாமல் போன குழந்தைகளின் புகார்களைக் கவனிக்க ஸ்டேஷன்களில் சட்டத் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்று பச்பன் பச்சாவ் வழக்கின் 2013 உத்தரவிலேயே இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு முதல் ஆளை ஏற்காட்டுக்கு அனுப்பட்டும். அந்த ஆளுக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டும். காபிப் பழம் பறிக்க வெளிமாநிலக் குடும்பங்கள் நவம்பரில் மலையேறத் தொடங்கும். அதற்கு முன்பே இந்த நியமனம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.