கராத்தே வகுப்பில் கத்தவும் கற்றுக்கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தரும் பயிற்றுநர்களில் நானும் ஒருத்தி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பெண் பிள்ளைகளுக்கு நடக்கும் மூன்று மாதப் பயிற்சி. கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ என்று பள்ளிக்குப் பள்ளி கலை மாறும். முடிவு மட்டும் மாறாது. ஆண்டு விழா மேடையில் பிள்ளைகள் வரிசையாக நின்று குத்துவிடுவார்கள், இரண்டு பேர் ஓடு உடைத்துக் காட்டுவார்கள், அப்புறம் தலைமையாசிரியரோடு ஒரு போட்டோ. அந்தப் போட்டோ உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டால் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

கராத்தேயை நான் குறை சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். தலையைக் குனிந்தபடி வந்த பிள்ளை போகப் போகத் தோளை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தவள் நான். ஆனால் கராத்தேயில் எதிராளி முன்னால் நின்று வணங்கிவிட்டுத்தான் கையை ஓங்குவான். எங்கள் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து அப்படி வருவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், டியூஷன் சார், வேன் ஓட்டுகிறவர், சொந்தக்காரர் என்றுதான் வருகிறது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மாமா முறை உள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து மடியில் உட்காரச் சொன்னால் எந்தக் கட்டாவை, அதாவது கராத்தேயில் வரிசையாகப் பழகும் எந்த அசைவுகளை, போடுவது?

என் வகுப்பில் முதலில் உதை கிடையாது, குரல்தான். 'கையை எடு!' என்று அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்வேன். உடனே துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எல்லோரும் சேர்ந்து கத்தினால் சத்தம் வரும். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டால் பாதியிலேயே குரல் அடங்கிவிடும். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் தோழியை இங்கிருந்தே கூப்பிடுகிற பிள்ளைகள்தான். ஆனால் ஒரு ஆம்பளையைப் பார்த்துச் சத்தம் போட வராது. 'பொம்பளப் புள்ள இப்படியா கத்துறது' என்று கேட்டே வளர்ந்த தொண்டை அது. முன்னுதையைச் சில வாரத்தில் பழக்கிவிடலாம், குரலுக்குக் கூடுதல் நாள் ஆகும். ஒரு பள்ளியில், பாடம் நடத்த முடியவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது. அதிலிருந்து அங்கே வகுப்பு பின்பக்க வேப்பமரத்தடியில்.

என்ன கத்துவது என்பதையும் பழக வேண்டும். கூட்டமான பஸ்ஸில் வெறுமனே 'ஐயோ' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'நீலச் சட்டை, கையை எடு' என்றால் மொத்த பஸ்ஸும் நீலச் சட்டையைத் திரும்பிப் பார்க்கும். நம் அம்மாக்கள் கையில் ஊக்கு வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஊக்கு இப்போதும் நல்லதுதான், ஆனால் அது குத்தியது யாரை என்பது குத்துப்பட்டவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம்தான் உடம்பு. மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்கக் கூடாது. பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பி உருவ வேண்டும், பிடியில் பலவீனமான இடம் அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை. சடையைப் பிடித்து இழுத்தால், இழுக்கிற கையை நம் இரண்டு கையாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அவன் பக்கமே திரும்ப வேண்டும். இழுக்க இழுக்க எதிர்ப்பக்கம் போனால் வலிதான் மிஞ்சும். இதெல்லாம் அடித்து ஜெயிக்க அல்ல. ஆள் இருக்கும் பக்கம் ஓட இரண்டு நொடி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். யூனிஃபார்மோடு, பையோடு, செருப்போடு பழக்க வேண்டிய வித்தை இது. வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வெறுங்காலில் பழகினால் தெருவில் உதவாது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை முன்னரே அடையாளம் காண்பது, 'அவர் நல்லவராச்சே' என்ற தயக்கத்தைத் தாண்டுவது, வாயாலும் கையாலும் எதிர்ப்பது என்று பாடம் போகும். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம் பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம். அந்த ஊர் வேறு, வயது வேறு, அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. ஆனால் அவர்களுடைய பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் உதையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும். சில நேரம் உடம்பு உறைந்துபோகும், கை கால் வராது, கத்த வாய் திறக்காது. ஸ்டாக்ஹோமில் வல்லுறவுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் விசாரித்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், 70 சதவீதம் பேர் தங்களுக்கு அப்படி ஆனதாகச் சொன்னார்கள். கராத்தே கற்றும் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும் நிலையை நம் வகுப்பு உண்டாக்கிவிடக் கூடாது.

வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி, 'மேடம், திருப்பி அடிச்சா என் மேல கேஸ் போடுவாங்களா?' இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. வல்லுறவு நோக்கத்தோடு தாக்கினால், கடத்த வந்து தாக்கினால், ஆசிட் வீச வந்தால், எதிராளியின் உயிர் போகும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் தாக்கப்படுகிறவர் ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டுத் திருப்பித் தர முடியாது என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதை எளிய தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்துத் தாருங்கள். நான் சொன்னால் 'மாஸ்டர் சொன்னாங்க' என்பதோடு நின்றுவிடும்.

கலை எதுவும் உதவாத இடமும் உண்டு. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடிவந்த ரயில் முன் ஒருவன் தள்ளினான். தள்ளும் நொடியில் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. தள்ளியவன் அதற்கு முன்பே பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன். பின்தொடர்வதே அதே சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம், அந்தக் கட்டத்திலேயே புகார் தரலாம் என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், 'லவ் பண்றான், விடு' என்று சிரிக்கும் பையன்களுக்கும் தெரிய வேண்டும். பையன்களுக்கு இதற்கென்று ஒரு வகுப்பும் இல்லை.

நான் முக்கியமாக எழுத வந்தது இதுதான். இந்தப் பயிற்சியை ஒழுங்காக நடத்தினால் பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் ஷூ லேஸைக் கட்டுவது போல நின்றுகொண்டிருப்பாள். பக்கத்தில் போனால் விஷயம் வரும். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. இதை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்றும் பள்ளிக் கல்வி உதவி எண் 14417 என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் 'பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துடும், வெளியே விடாதீங்க' என்று ஒரு பயிற்றுநரிடம் சொன்னால், தினக்கூலி போல வந்து போகிற அவர் என்ன செய்வார்?

ஆகவே, வரும் ஆண்டு பயிற்றுநர்களை எடுக்கும்போது பிளாக் பெல்ட்டில் எத்தனையாவது டான் (படிநிலை) என்று மட்டும் பார்க்காதீர்கள். வகுப்பு தொடங்கும் முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எங்களை உட்காரவைத்து, பிள்ளை சொன்னால் எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, யாருக்குப் போன் செய்வது என்று சொல்லித்தாருங்கள். மூன்று மாதத்தில் பாதியைக் குரலுக்கும் பேச்சுக்கும் சட்டத்துக்கும் ஒதுக்குங்கள். பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவசரமாக முடிக்காமல் ஜூனிலேயே தொடங்குங்கள். ஆண்டு விழா போட்டோ வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தற்காப்புக் கலைப் பயிற்றுநர் ஒருவர்