167: சந்தியில் பனர் கட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், ரியூசன் நடத்தும் சேர்மாருக்கும், வெளிநாட்டிலிருந்து பனருக்குக் காசு அனுப்பும் பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம். நான் 167.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு என் பெயர் மறந்துவிட்டது. "2003இல ஸ்கொலசிப்பில 167 எடுத்த பெடியன்" என்றால் உடனே தெரியும். ஸ்கொலசிப் என்பது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை; வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் நகரத்து நல்ல பாடசாலைக்குப் போகலாம். அப்போது டிஜிட்டல் பனர் எங்கள் பக்கம் வரவில்லை. வெள்ளைத் துணியில் நீலப் பெயின்றால் எழுதி, சந்தியில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் குறுக்கே கட்டினார்கள். 167 என்ற எண்ணை மட்டும் சிவப்பில், இரண்டு தரம் பூசியிருந்தார்கள். மாரி மழையில் என் பெயர் கரைந்துபோனது. எண் பங்குனி வரை கிடந்தது.

அந்த 167 எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாம் வினாத்தாளை நாம் 'நுண்ணறிவு' என்றுதான் சொல்வோம். நான்காம் வகுப்பிலிருந்தே சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரியூசன் கொட்டிலில் அதைத்தான் செய்தோம். 2, 6, 12, 20, அடுத்தது என்ன? கேள்வியை முழுதாக வாசிக்காமலே 30 என்று எழுதுவேன். ஏனென்றால் அதே கேள்வி அதற்கு முன் ஐந்தாறு மாதிரித் தாள்களில் வந்திருந்தது. ஒன்றை இரண்டால், இரண்டை மூன்றால், மூன்றை நான்கால் பெருக்கிக்கொண்டு போவதுதான் அந்த வரிசை என்பது எனக்குப் பிடிபட்டது உயர்தரம் (ஏ.எல்) படிக்கும்போது. என்னிடம் இருந்தது நல்ல ஞாபகசக்தி. அதை நுண்ணறிவு என்று துணியில் எழுதியவர்கள் நீங்கள்.

அதே கொட்டிலில் எனக்கு முன் வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். ஒருநாள் தாளில் 1, 2, 4 என்று ஒரு வரிசை. விடைகள் 6, 7, 8. நாங்கள் எல்லோரும் 8. அவள் மட்டும் 7.

"எப்பிடி ஏழு?" என்றார் சேர்.

"முதல் ஒண்டு கூடுது, பிறகு ரெண்டு கூடுது, அப்ப இனி மூண்டு கூடும்தானே சேர்?"

சேர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். பிறகு, "விடைப் பத்திரத்தில எட்டு எண்டுதான் கிடக்கு. எட்டு எண்டு எழுது" என்றார். அவள் அழித்துவிட்டு எழுதினாள். அழிரப்பர் தேய்ந்து தாள் கிழிந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. பெறுபேறு வந்தபோது வெட்டுப்புள்ளிக்கு அவளுக்கு 4 புள்ளி குறைவு. அந்தக் கொட்டிலில் சொந்தமாக யோசித்த ஒரே ஆள் அவள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் சிரித்தேன்.

என் கதையைச் சொல்கிறேன். நகரத்துப் பாடசாலை, விடுதி. வகுப்பில் 42 பேர், எல்லோரும் தத்தம் ஊர்ச் சந்தியில் தொங்கியவர்கள். முதலாம் தவணையில் நான் 29ஆம் பிள்ளை. இன்னும் கொஞ்சம் படிப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. 'குட்டு வெளிப்பட்டுவிட்டது' என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து பிழைக்கக்கூடிய எதையும் தொடாமல் வாழப் பழகினேன். கணிதப் போட்டி என்றால் வயிற்றுக்குத்து. விளங்காத இடத்தில் கை உயர்த்தியதே இல்லை. 167 எடுத்தவனுக்கு விளங்கவில்லை என்றால் என்ன நினைப்பார்கள்?

இந்தப் பழக்கம் வேலைக்கும் கூட வந்தது. நான் தண்ணீர் விநியோகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். 27 வயதில், ஒரு குழாய்வழியில் அமுக்கம் விழுந்தது. எங்கே கசிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. "தெரியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் அறுபது வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. நான்காம் நாள் எங்கள் மேற்பார்வையாளர் ஐயா வந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு இரும்புக் கம்பியின் நுனியை வால்வில் வைத்து, மறு நுனியைக் காதில் வைத்தார். வால்வு வால்வாக நடந்து, "இதுக்குள்ளதான் தம்பி, கேட்டுப் பாரும்" என்று கம்பியை என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குக் கேக்கேல்லை ஐயா" என்றேன். எனக்குத் தெரிந்து, உண்மையாக நான் படிக்கத் தொடங்கிய நாள் அது.

புத்தி வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் ஒரு இரவு, போனில் ஐக்கியூ சோதனை ஒன்று செய்தேன். 128 வந்தது. மனைவியை எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அடுத்த இரவு திரும்பச் செய்தேன், 119. அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். முப்பது வயது தாண்டியும் அந்தத் துணி எனக்குள்ளே தொங்குகிறது.

இந்தச் சோதனைகளைத் தொடங்கியவர்கள் இதற்காகத் தொடங்கவில்லை. பாரிஸில் 1905இல் அல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் அளவுகோல் செய்தது, வகுப்பில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க. எங்கள் புலமைப்பரிசிலும் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியோடு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளை மத்திய மகா வித்தியாலயத்துக்குப் போய்ப் படிக்கட்டும் என்பதுதான் எண்ணம். கைகொடுக்க வந்ததை நாங்கள் அரிதட்டாக்கிவிட்டோம். 2024 செப்ரெம்பர் பரீட்சையில் முதலாம் தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, உயர் நீதிமன்றம் வரை போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றுக்கும் முழுப்புள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே கேள்வி தெரிந்தால் கூடுகிற நுண்ணறிவு என்ன நுண்ணறிவோ.

முன் வாங்கில் இருந்த அந்தப் பிள்ளை இப்போது ஊரில் சீட்டு நடத்துகிறாள். இருபது பேர், ஆளுக்குப் பத்தாயிரம். போன மாதம் ஒருவர் 35,000 கழிவுக்குச் சீட்டை எடுத்தார். அந்தக் கழிவு இருபது பேருக்கும் பிரியும். நான் போனை எடுக்க முன்னமே, "ஆளுக்கு 1,750 குறையும், 8,250 கட்டுங்கோ" என்றாள். நீ கணக்கில் கெட்டிக்காரி என்றேன். "சும்மா போ, நான் ஸ்கொலசிப் பாஸ் பண்ணாத ஆள்" என்றாள். பகிடியாகச் சொல்லவில்லை.

பரீட்சையை நிறுத்துங்கள் என்று கேட்க நான் இந்த மடலை எழுதவில்லை. நல்ல பாடசாலைகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்வரை ஏதோ ஒரு தெரிவு இருக்கத்தான் செய்யும். நான் கேட்பது உங்கள் கையில் இருப்பதை மட்டும். பெறுபேறு வந்ததும் பிள்ளையின் படத்துக்குக் கீழே எண் போடாதீர்கள், சந்தியிலும் வேண்டாம், முகநூலிலும் வேண்டாம். சித்தியடைந்த பிள்ளைக்கு வீட்டுக்குப் போய் ஒரு புத்தகம் கொடுங்கள். அந்தப் பனர்க் காசில், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போகும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணித ஆசிரியரைப் பிடித்துக் கொடுங்கள்.

அவளுடைய மகன் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. பின்னேரங்களில் என்னிடம் வருகிறான். எங்கள் சந்தியில் அந்த வேப்பமரம் இன்னும் நிற்கிறது. இம்முறை அதில் பனர் கட்டினால், இரவோடிரவாக அவிழ்ப்பவன் நான்தான். முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், வேறு ஆரையும் சந்தேகப்படாதீர்கள். கயிற்றைச் சுருட்டி அதிபரின் அறை வாசலில் வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்