டெய்லர் அண்ணன் போஸ்டரும் உங்க அப்பாவும்

மாப்ள,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா. இங்க எல்லாரும் நலம், பொண்ணு பத்தாவது போயிட்டா. ரொம்ப நாளா எழுதல, திட்டணும்னா நேர்ல வந்து திட்டிக்கோ. ரெண்டு விஷயம் சொல்லணும், முதல்ல என் சந்தோஷம்.

ஒரு ஆஸ்பத்திரிக்கு போஸ்டர் பண்றேன்டா. இதயத்துல செயற்கை வால்வு வச்சவங்க, செயற்கைக் கால் போட்டவங்க, காது கேக்க காக்ளியர் இம்ப்ளாண்ட் வச்ச குழந்தைங்க, இவங்களையெல்லாம் கொண்டாடுற மாதிரி ஒரு வரிசை. கேட்டதும் துள்ளிக் குதிச்சேன். ஆனா அவங்க பி.ஆர். ஆள் அனுப்பின மாடலைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. இடது பக்கம் கறுப்பு வெள்ளைல அழுற முகம், வலது பக்கம் அதே முகம் கலர்ல சிரிக்குது, நடுவுல நீல வெளிச்சத்துல ஒரு வால்வு தகதகன்னு, மேல டாக்டருங்க கை கட்டி நிக்கிற படம் எல்லாத்தையும் விட பெருசா. இதுல கொண்டாடுறது யாரை, சொல்லு? அழுற முகத்தை ஊரெல்லாம் ஒட்டினா அந்த மனுஷன் நாளைக்கு டீக்கடைக்கு எப்படிடா போவார்?

நான் முதல்ல போய்ப் பார்த்தது ஒரு டெய்லர் அண்ணனை. சின்ன வயசுல தொண்டை வலி, மூட்டு வீக்கம்னு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, இதயத்துக்குள்ள கதவு மாதிரி இருக்கிற மைட்ரல் வால்வு கெட்டுப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குமாம். இப்ப அவருக்குள்ள இருக்கிறது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்ல வலியத்தான் டாக்டர் டீம் செஞ்சது, முதல் மூணு மாடலும் சரிவராம நாலாவதுதான் நின்னுச்சு, 1990 டிசம்பர்ல முதல் ஆளுக்கு வச்சாங்க, இன்னிக்கு லட்சம் பேரைத் தாண்டிருச்சு. உலோக வளையத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான், சாய்ஞ்சு திறக்கும், மூடும், ஒரு நாளைக்கு லட்சம் தடவை.

இதை எப்படி வரையறது சொல்லு, வெளிய ஒண்ணுமே தெரியாதே. சட்டையைக் கழட்டி தழும்பைக் காட்டுங்கன்னு கேக்க எனக்கு மனசு வரல. பேசிக்கிட்டே இருந்தவர் மெஷினை நிறுத்தினார், கடை அமைதியாச்சு, அப்பதான் கேட்டுச்சு, டிக் டிக்னு, அவர் நெஞ்சுல இருந்து. நான் வால்வு படத்தைக் காட்டி, சுத்தி வெள்ளையா இருக்குல்ல அது பாலியஸ்டர் துணிண்ணே, அதுல ஊசி போட்டு தைச்சுத்தான் இதயத்தோட சேர்க்கிறாங்கன்னு சொன்னேன். மனுஷன் படத்தை வாங்கி கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி கிட்டத்துல வச்சுப் பார்த்துட்டு, "தையல் நல்லா நெருக்கமா போட்டிருப்பாங்கல்ல?"ன்னார். அந்த இடத்துலயே போஸ்டர் முடிஞ்சுபோச்சுடா எனக்கு.

போஸ்டர்ல அவர் குனிஞ்சு ஒரு ஜாக்கெட் தைக்கிறார், விரல்ல உலோகத் தொப்பி (ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடறார், ஊசி குத்தினா ரத்தம் லேசுல நிக்காது, அதனால தொப்பி இல்லாம கைத்தையலே கிடையாது), ஊசில இருந்து நூல் ஓடிவந்து கீழ் மூலையில வால்வோட வெள்ளை வளையத்துல முடியுது. வால்வு அதோட நிஜ அளவுலதான், கிட்டத்தட்ட பத்து ரூபா காசு. அவர் போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு, "நோயாளின்னு போடாதீங்க தம்பி, டெய்லர்னு போடுங்க."

பி.ஆர். ஆள் இன்னும் ஒத்துக்கல, வால்வு பெருசா தெரியலையாம். விடமாட்டேன்.

அடுத்தது ஜெய்ப்பூர் கால் போட்ட ஒரு அக்கா, நடவு வேலைக்குப் போறவங்க. அந்தக் காலை 1968-ல சேத்தி டாக்டரோட சேர்ந்து உருவாக்கினது ராம் சந்திர ஷர்மாங்கிற ஒரு கைவினைஞர், நம்ம ஜாதிடா, கைத்தொழில் ஜாதி! வெறுங்காலோட சேத்துல இறங்கலாம், குத்துக்கால் போட்டு உக்காரலாம். அந்தக்காவை வரப்புல நிக்க வைக்க மாட்டேன், வயலுக்குள்ளதான்.

சரி, ரெண்டாவது விஷயம். அப்பாவுக்கு இதயத் துடிப்பை சீரா ஓட வைக்கிற பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொல்லிட்டாங்க, அவர் மாட்டேன்னு அடம் பிடிக்கிறார்னு நம்ம முட்டைக்கண்ணன் சொன்னான். என்கிட்ட ஏன்டா சொல்லல? "மெஷினை வச்சுக்கிட்டு எத்தனை நாள்"னு கேக்கறாராமே. அவர்கிட்ட ஆர்னே லார்சன் கதையைச் சொல்லு. 1958, ஸ்டாக்ஹோம், மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை மயங்கி விழுவார், அவர் சம்சாரம் சென்னிங் டாக்டரையும் இன்ஜினியர் எல்ம்க்விஸ்டையும் போட்டு நச்சரிச்சு, உலகத்துலயே முதல் தடவையா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வைக்க வச்சாங்க. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடிச்சு. அப்புறம் 20-க்கு மேல மாத்தி மாத்தி வச்சு 2001 வரைக்கும் இருந்தார், 86 வயசு, வச்ச டாக்டர், செஞ்ச இன்ஜினியர் ரெண்டு பேரும் போனப்புறம்தான் இவர் போனார், அதுவும் இதயத்தால இல்ல. இப்ப வைக்கிறதுல பேட்டரியே பல வருஷம் வரும், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சு காறை எலும்புக்குக் கீழ வச்சுடறாங்க. மயங்கி கிணத்தடியில விழுந்துட்டா என்னடா பண்ணுவ? தள்ளிப் போடாத. நீ சொல்லி கேக்கலைன்னா ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், டெய்லர் அண்ணனையும் கூட்டிட்டு வர்றேன், அவரே வர்றேன்னு சொல்லிட்டார்.

வரும்போது உனக்கும் வேலை இருக்கு. போஸ்டர்ல "டிக் டிக்" மட்டும் கையால எழுதணும், எந்த ஃபான்டும் சரியா வரல, காலேஜ் சுவத்துல எழுதி ஃபைன் கட்டினியே அந்தக் கை வேணும். பிரஷ் என்கிட்ட இருக்கு, அப்பாவோட ஈ.சி.ஜி. ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வை.

மச்சான்