அந்த ரெண்டு வாஷர்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு இரவு

மச்சான்,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை, தெரியும். உன் மனுசியின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி ஏறித்தான் இருக்கிறது, வாய் மட்டும் அடங்கவில்லை. சரி, இது உன்னைத் திட்ட எழுதும் கடிதம். கடைசியில் ஒன்று கேட்கவும் வேண்டும்.

நம் பழைய லொறிக் கிழவி இன்னும் ஓடுகிறாள். நாலாம் குறுக்குத் தெருவில் சாமான் ஏற்றி வாரம் மூன்று தரம் கண்டிக்கு. ஸ்டியரிங்கில் இப்போது மூத்தவன். போன மாதம், அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்றாள்; ஏறுவதும் இறங்குவதுமாக, ஆஸ்துமாக்காரி மாதிரி. டீசல் பம்பில் இருந்து சுற்றைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றான் மெக்கானிக். பம்பைக் கழற்றி, சுற்றிப் பார்த்துச் சரிசெய்கிற பெஞ்சில் ஏற்றினால் ரெண்டு நாள் ஹயர் போய்விடும் என்று கஞ்சத்தனம் பார்த்தது நான்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து ஒரு செட் ஸ்பிரிங் வாங்கினேன். மைக்கோ கம்பனிச் சாமான் என்று கேட்டால் கடைப் பொடியன் முழிக்கிறான். 2008இலேயே பெயரை போஷ் என்று மாற்றிவிட்டார்களே, அவன் அப்போது பால்குடி. மெக்கானிக் கவர்னர் மூடியைத் திறந்து, பழையதை எடுத்து, இருந்தது இருந்தபடியே புதியதைப் போட்டான். ஸ்லோ பட்டுப்போல நின்றது.

மறு வாரம் லைசனுக்காகப் புகைப் பரிசோதனை. அங்கே என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்த கூத்து. நியூட்ரலில் வைத்து அக்சிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிக்க வேண்டும். கவர்னர் டீசலை வெட்டும் வரைக்கும் எஞ்சின் ஏறும், அந்த நேரத்துப் புகையை அளப்பார்கள். மூத்தவன் மிதித்தான். நிமிடத்துக்கு 2800 சுற்றில் வெட்ட வேண்டியவள் வெட்டவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. "நவத்தன்ன, நவத்தன்ன" என்று, நிறுத்தச் சொல்லி, பரிசோதிக்கிற ஆள் கத்துகிறான். இவன் விறைத்துப்போய்க் காலை எடுக்காமல் இருக்கிறான். மீட்டரில் 3200 தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்து பாய்ந்து ஸ்டாப் கேபிளை இழுத்தேன். நின்றாள். என் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

பின்னேரம் நானே திறந்தேன். கவர்னர் குண்டு ஒன்றுக்கு ஒன்றாக, ஸ்பிரிங்குக்கு அடியில் ரெண்டு வாஷர். கையால் ராவிய வாஷர். ஒரு பக்கம் மட்டும் சரிவாக ராவுகிற கை உலகத்தில் ஒன்றுதானே இருக்கிறது, மச்சான்?

1998. கடுகண்ணாவை ஏற்றத்தில் செகண்ட் கியரில் கவர்னர் முந்தி வெட்டுகிறது, மொட்டை பாஸ் பார்க்காத நேரத்தில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கிவிடுவோம் என்று நீ சொன்னாய். நான் டோர்ச் பிடித்தேன். கவர்னர் மூடியில் அடித்திருந்த ஈய முத்திரையை வெட்டியதும் நான். இத்தனை வருஷமும் ஸ்பிரிங் தளர்ந்த அளவுக்கு வாஷர் ஈடுகொடுத்திருக்கிறது, அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை. புது ஸ்பிரிங்குக்கு அடியிலும் அதே வாஷர் போனதும் கவர்னருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

இரவு மூத்தவனை உட்கார்த்தி விளங்கப்படுத்தினேன். சுழலச் சுழலக் குண்டு வெளியே தள்ளும், ஸ்பிரிங் உள்ளே அமுக்கும், குண்டு வென்றால்தான் டீசல் அளவை மாற்றுகிற ராக் கம்பி பின்வாங்கி டீசல் குறையும். 2800 சுற்று 3200 ஆனால் கூடியது ஏழில் ஒரு பங்குதான். கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ 30 சதவீதம் கூடிவிடும், அது சுற்றின் வர்க்கத்தில் ஏறுகிற சாமான். எல்லாம் கேட்டுவிட்டு, "எந்தக் கழுதை அப்பா அந்த வாஷரைப் போட்டது?" என்றான். எனக்கு இருமல் வந்துவிட்டது.

பம்ப் இப்போது பெஞ்சில். டீசலைத் தள்ளுகிற ஆறு பிளஞ்சரும் ஒரே அளவு ஊற்றுகிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 2022 தட்டுப்பாட்டில் டீசல் என்று கிடைத்ததையெல்லாம் ஊற்றினோமே, மண்ணெண்ணெய் கலந்ததும் இருந்திருக்கும். பிளஞ்சருக்கு மசகு அந்த டீசல்தான். எப்படியும் வாஷர் இல்லாமல், 1400இல் வெட்ட வைத்து, சீல் அடித்துத்தான் தருவார்கள். பெஞ்சில் பார்க்கிற பம்ப் சுற்று எஞ்சின் சுற்றில் பாதி என்பதை மறந்து நீ ஒருதரம் பாஸிடம் வாங்கிக் கட்டியது ஞாபகம் வந்தது.

இனிக் கேட்க வந்தது. அந்த வருஷம் நாம் டோர்ச் பிடித்தது கிழவிக்கு மட்டுமா? சிலாபத்துக்காரனுக்கு விற்றோமே, பச்சை லொறி, அதையும் ஒரு இரவு திறந்த மாதிரி எனக்கு மங்கலாக ஞாபகம். நித்திரை வரவில்லை. அதுவும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தால் யாராவது ஒருநாள் அதற்கும் புது ஸ்பிரிங் போடுவான். யோசித்துச் சொல். அவனுடைய விலாசம் உன் பழைய டயரியில் இருந்தால் இன்றைக்கே அனுப்பு. மனுசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
டோர்ச் பிடித்தவன்