மதிப்பெண் அட்டவணையில் மொத்தம் 120: அச்சுக்கோப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
தேர்வுப் பொறுப்பாசிரியை, கணிதத்துறை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வினாத்தாள் அச்சுக்கோப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: மாதிரித் தேர்வு ஏட்டின் மதிப்பெண் அட்டவணைப் பிழைகளும், திருத்த மறுத்ததும் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் துறையின் மாதிரித் தேர்வு ஏட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அச்சுக்கோத்துத் தரும் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்து, முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினோம். முதல் பக்கத்தில் வினா எண், மதிப்பெண், பெற்ற மதிப்பெண் என்று தமிழில் ஓர் அட்டவணை வேண்டும் என எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த ஓர் அட்டவணைக்காகத்தான் இத்தனை நீண்ட கடிதம் எழுதுகிறேன்.

தாங்கள் அனுப்பிய முதல் படியில் அட்டவணையே இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், அட்டவணை வர லேடெக்கை மீண்டும் இயக்கவும் என்ற ஆங்கில வரி அச்சாகியிருந்தது. லேடெக்கில் வினாத்தாள் அமைக்க உதவும் 'எக்ஸாம்' என்ற ஆயத்தத் தொகுப்பு (அதை வகுப்பு என்பார்கள்) மதிப்பெண்களைக் கூட்டி ஒரு துணைக்கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை இயக்கும்போதுதான் அட்டவணையை இடும். அந்தப் பக்கத்தை யாராவது ஒரு முறை பார்த்திருந்தால் எங்களுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படியில் அட்டவணை வந்தது. 20 வினாக்களும் ஒரே கிடை வரிசையில் நின்றதால் தாளின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடியது. சொன்னோம். முழு அட்டவணையையும் சுருக்கி, தாளுக்குள் திணித்து அனுப்பினீர்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன்: ஒரு கட்டத்தின் உயரம் 4 மில்லிமீட்டர். சிவப்பு மை பேனாவால் அதற்குள் "7½" என்று எழுதிப் பாருங்கள்.

தலைப்புகளின் தமிழோ பார்க்கவே வேதனையாக இருந்தது. "மதிப்பெண்" என்ற சொல்லில் பகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் ணகரத்தோடு ஒட்டிக்கொண்டது. "மொத்தம்" என்பதில் கொம்பும் காலும் மகரத்தை அணைக்காமல் இரண்டும் ஒரே பக்கம் நின்றன. லேடெக்கின் ஒரு வகையான லுவாலேடெக்கில் எழுத்துருவை அழைக்கும்போது, எழுத்துகளை முறையாகக் கோக்கும் 'ஹார்ஃப்பஸ்' கருவியின் பெயரைச் சேர்த்தால், அல்லது ஸீலேடெக் என்ற இன்னொரு வகையில் இயக்கினால், தீரக்கூடிய குறை இது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை மொத்தம். எங்கள் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு. முதல் பகுதியில் தலா இரண்டு மதிப்பெண்ணுக்குப் பத்து வினாக்கள். இரண்டாம் பகுதியில் 'அ அல்லது ஆ' எனத் தலா ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து வினாக்கள். மூன்றாம் பகுதியில் ஐந்தில் எவையேனும் மூன்று, தலா 10. மாணவர் எல்லாவற்றுக்கும் விடை எழுதுவதில்லை என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அச்சான அனைத்தையும் கூட்டி, 20, 50, 50 என மொத்தம் 120 என்று போட்டுவிட்டது. மென்பொருள்மீது எனக்குக் குறையில்லை. அதைச் சரிபார்த்துத் தரத்தான் தங்களுக்குப் பணம் கொடுத்தோம்.

தேர்வு நாள் நெருங்கிவிட்டதால் அப்படியே அச்சடித்தோம். கட்டங்களில் எழுத முடியாத ஆசிரியர்கள் மதிப்பெண்களை ஓரத்தில் எழுதினார்கள். அணைக்கட்டு ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு மாணவியின் தாளில், 20ஆம் வினாவுக்கான 9 மதிப்பெண் ஓரத்தில் இருந்ததால் கூட்டலில் விடுபட்டது. 37 பெற்றவளுக்கு 28 என்று வந்தது. தேர்ச்சிக்கு வேண்டியது 30. அவள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு துறை வாசலில் அழுதபடி நின்றதை நான் மறக்கவில்லை. மறுநாளே திருத்திவிட்டோம். ஆனால் அன்றிரவு வீட்டில் அவள் கேட்ட பேச்சை யார் திருத்துவது?

அச்சடிக்கும் முன்பே அட்டவணையின் பிழைகளைச் சொன்னபோது, "மென்பொருள் அப்படித்தான் தரும், மாற்ற முடியாது" என்று தங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் உண்மையல்ல என்பதால்தான் இந்தப் புகார். எக்ஸாம் வகுப்பை எழுதிய பிலிப் ஹிர்ஷ்ஹார்னின் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தலைப்புச் சொற்கள் ஒவ்வொன்றையும் மாற்றத் தனித்தனிக் கட்டளை உண்டு. கட்டத்தின் அகலத்துக்கு 'செல்விட்த்', உயரத்துக்கு 'கிரேடுடேபிள்ஸ்ட்ரெச்'. நீளும் அட்டவணையை இரண்டு மூன்று வரிசையாக மடிக்க 'மல்டிரோகிரேடுடேபிள்'. பகுதிவாரியாகப் பிரிக்கவும் வழி உண்டு. விருப்ப வினாக்களின் கூட்டலுக்கு அதில் நேரடி வழி இல்லாவிட்டால், தானாக வரும் அட்டவணையை விட்டுவிட்டு, லேடெக்கின் சாதாரண அட்டவணைக் கட்டளையான டேபுலரில் வரைந்து கடைசிக் கட்டத்தில் 75 என்று எழுதிவிடலாம். பிறகு எங்கள் துறைத் தோழி ஒருவர் ஒரே மாலையில் அதைச் செய்து முடித்தார். அவர் அச்சுத் தொழில் படித்தவரல்லர், இயற்கணிதம் நடத்துபவர்.

ஆகவே, பருவத் தேர்வுக்கான ஏட்டைச் சரியான அட்டவணையுடன் கட்டணமின்றி மீண்டும் அச்சுக்கோத்துத் தரவேண்டும். மூலக் கோப்பையும் எங்களிடம் ஒப்படைக்கவேண்டும். மாதிரித் தேர்வுக்கு வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். மாற்ற முடியாது என்று சொன்னது தவறு என எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் கேட்கிறேன். அதை நம்பி நாங்கள் வேறு வழி தேடாமல் இருந்துவிட்டோம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், மூன்று படிகளையும் தங்கள் பதில்களையும் சேர்த்து வேலூர் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
தேர்வுப் பொறுப்பாசிரியை,
கணிதத்துறை.

இணைப்பு: முதல், இரண்டாம், மூன்றாம் படிகளின் நகல்கள், எங்கள் துறையில் வரைந்த அட்டவணை.